மேலும் ஆய்வு தேவை

“செவிப்புலன் ஆராய்ச்சியில் முன்னணி அறிஞர். பல்துறை வல்லுநர். உறுதியான முடிவுகளுக்குப் பெயர் பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாத கல்விப் பணி ஆற்றிவரும் இவரது தொலைநோக்குப் பங்களிப்பால் நமது அறக்கட்டளை புதிய உயரங்களைத் தொட்டுவருகிறது.”

காது கேளாதவர்களுக்கு இலவசமாகக் காது மிஷின் வழங்கும் ஓர் அறக்கட்டளையின் இருபதாம் ஆண்டு மலரில், ஏழாம் பக்கத்தில், இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு படம். படத்தில் இருக்கும் அம்மாள் காமிராவைப் பார்க்காமல், யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு கறுப்பு, மற்றது பழுப்பு. அவருடைய தம்பிக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகப் பெருமூச்சு விடலாம்.

அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஒவ்வொன்றுக்கும் சாட்சி கொண்டுவந்து நிறுத்த முடியும். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் தேடினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. உறுதியான முடிவுகளுக்குப் பெயர் பெற்றவர், எந்தப் பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போகும் என்று யோசித்தபடி இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பார். வீட்டில் அவரைப் ‘பூச்சி’ என்பார்கள். அறக்கட்டளையில் ‘டாக்டரம்மா’.

மலரில் விட்டுப்போனது ஓர் அறை. அலுவலகப் படிக்கட்டுக்கு அடியில், பத்துக்கு எட்டு அளவில், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் அறை. காது மிஷின்களைப் பழுதுபார்க்கும் அறை. அதை மூடிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்ற ஒரே கேள்விதான் டாக்டரம்மாவின் அறப்பணி வாழ்க்கை முழுவதும். காப்பாற்றப் புறப்பட்டவர் அவர். முதலில் அதை இழுத்து மூடியவரும் அவரே. அது எப்படி என்று சொல்ல, ஒரு பூச்சியின் முழங்காலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவருடைய முனைவர் பட்டம் சுவர்க்கோழியைப் பற்றியது. பொழுது சாய்ந்ததும் சுவரோரத்தில் கிரீச்சிடுமே, அந்தப் பூச்சி. அதற்குக் காது தலையில் இல்லை. முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இதைக் கேட்பவர்கள் ஒரு நிமிடம் வியந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டாக்டரம்மா ஏழு வருடம் வியந்தார். ஒரு காலின் காதைத் துளி மெழுகால் அடைத்துவிட்டால், ஆண் பூச்சியின் பாட்டை நோக்கி நேராக நடக்க வேண்டிய பெண் பூச்சி வட்டமடிக்கத் தொடங்கும். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிய வட்டம் என்று அளந்து முந்நூறு பக்கம் எழுதினார். பட்டம் கிடைத்த அன்று அவருடைய அம்மா பக்கத்து வீட்டில் செய்தி சொன்னார்: “பொண்ணு டாக்டராயிட்டா. ஊசி மட்டும் போடமாட்டா.”

அடுத்த மாதமே அந்த ஆய்வகம் மூடப்பட்டது. சுவர்க்கோழியால் யாருக்கு என்ன பயன் என்று ஒரு குழு கேட்டது. பதில் சொல்ல வேண்டிய பேராசிரியர் முந்தின வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

பூச்சிச் சத்தத்தைப் பதிவு செய்யத் தெரியும் என்பதால் ஒரு தானியக் கிடங்கு ஆராய்ச்சி நிலையம் அவரை எடுத்துக்கொண்டது. மூட்டைக்குள் மைக்கைச் செருகி, உள்ளே வண்டு கொறிக்கிற சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கும் வேலை. நான்கு வருடம் மூட்டைகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மைக்கைக் கையாளத் தெரியும் என்பதால் அங்கிருந்து போக்குவரத்து ஆய்வு நிறுவனம். நாற்சந்தியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஹாரன் சத்தத்தை அளப்பது. அளந்த எண்களைக் கூட்டிக் கழித்து அர்த்தம் சொல்லத் தெரியும் என்பதால் அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. படிப்பை முடிக்கப்போகும் டாக்டர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளிவிவரம் போட்டுக் கொடுப்பது.

“முடிவு கொஞ்சம் நல்லா வர்ற மாதிரி கணக்குப் போட முடியுமா மேடம்?” என்று அவர்கள் கேட்பார்கள்.

“கணக்குப் போட்டுத் தர்றேன். நல்லா வரணும்னா நோயாளிங்ககிட்டதான் சொல்லணும்” என்பார்.

இப்படி ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. எல்லாமே ஒப்பந்த வேலை. ஒரு திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம். நிரந்தர வேலைக்கான நேர்காணல்களில் உயிரியல்காரர்கள் அவரை மைக் ரிப்பேர்காரர் என்று நினைத்தார்கள். மைக் தெரிந்தவர்கள் பூச்சி பிடிப்பவர் என்று நினைத்தார்கள். கணக்குத் துறையினர் மட்டும் மரியாதையாக, எங்களுக்கு நீங்கள் ரொம்ப உபயோகமானவர் என்று சொல்லி, நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பல்துறை வல்லுநர் என்று மலரில் போட்டது இதைத்தான். எந்தத் துறைக்குப் போனாலும் அடுத்த துறையின் வாசலைக் காட்டுவார்கள்.

“எங்க அக்கா நாலு வேலை மாத்தினா, ஆறு வீடு மாத்தினா. செருப்பை மட்டும்தான் மாத்தலை” என்று தம்பி தன் கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அறக்கட்டளைக்கு அவர் வந்ததும் இந்தத் தம்பியின் கைங்கரியம்தான். அறக்கட்டளைத் தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், ஒரு தலைவலியைச் சொன்னார். நிர்வாகக் குழுவில் ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தால்தான் பதிவைப் புதுப்பிப்பார்களாம். ஆராய்ச்சியாளருக்கு எங்கே போவது?

“எங்க அக்கா இருக்கா சார். டாக்டர் பட்டம். அதுவும் காது சம்பந்தமாத்தான்.”

தலைவருக்குக் கண்ணாடி போடாமலே உலகம் தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது டாக்டரம்மா கேட்டார்: “டேய், என்ன காதுன்னு சொன்னியா?”

“யாரோட காதுன்னு அவர் கேக்கலை. நானும் சொல்லலை.”

டாக்டரம்மாவுக்குப் பொய் வராது. இது ஒழுக்கம் சார்ந்தது அல்ல, பழக்கம். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, தான் பார்த்தது பூச்சியின் காது, மனிதக் காதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். தலைவர் கொஞ்சமும் அசரவில்லை.

“மனுஷங்க காதைப் பாக்க ஊர்ல நூறு டாக்டர் இருக்காங்கம்மா. எங்களுக்கு வேண்டியது உங்க கையெழுத்து. உக்காருங்க.”

உட்கார்ந்தது ஒரு மாதிரிக் குளியலறையில். குழுக் கூட்டங்கள் தலைவரின் டைல்ஸ் கடை மாடியில் நடக்கும். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அங்கே நாலைந்து குளியலறைகளைச் பாதிச் சுவரோடு கட்டி வைத்திருந்தார்கள். நீலக் குளியலறைக்கும் சாம்பல் குளியலறைக்கும் நடுவில் மேசை. டாக்டரம்மாவின் நாற்காலி நீலத்துக்குள் போய்விட்டது. இடது பக்கம் தண்ணீர் வராத வாஷ்பேசின். கோப்புகளை அதில்தான் வைத்துக்கொள்வார்.

செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. தீர்மானங்களை அவர் எழுதுகிற வேகத்துக்குக் குழுவினர் யோசிக்க வேண்டியிருந்தது. பேசும்போதே எழுதிவிடுவார், எழுதியதை மாற்றச் சொன்னால், விடைத்தாளைத் திருப்பிக் கேட்ட மாணவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அவர் குழுவுக்கு வந்த இரண்டாவது வருடத்தில் படிக்கட்டு அறை பற்றிய பேச்சு வந்தது. புதிதாக அறுநூறு மிஷின்கள் பெட்டி பெட்டியாக வரப்போகின்றன, வைக்க இடமில்லை. தலைவர் ஆண்டறிக்கையைப் புரட்டினார். அதில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவரை ஒரு முறைதான் பயனாளி என்று கணக்கில் சேர்ப்பார்கள். மிஷின் வாங்கியபோதே அவர் எண்ணிக்கையில் ஏறிவிட்டார். பிறகு அவர் பத்து முறை வந்து பழுது பார்த்துக்கொண்டு போனாலும் புதிய பயனாளி இல்லை. ஆகவே அறிக்கையின்படி, படிக்கட்டு அறையால் பயனடைந்தோர் பூஜ்யம் பேர்.

“பூஜ்யத்துக்கு ஒரு அறை, ஒரு ஆள், ஒரு லைட்டு” என்றார் தலைவர். “அந்த இடத்துல பெட்டியை வச்சா அறுநூறு பேர்.”

டாக்டரம்மா வாஷ்பேசினுக்குள்ளிருந்து கோப்பு ஒன்றை எடுத்தார். “இதுவரைக்கும் கொடுத்த மிஷினையெல்லாம் போட்டுக்கிட்டிருக்காங்களா சார்?”

“கொடுத்தாச்சே.”

“கொடுத்தது தெரியுது. போட்டுக்கிட்டிருக்காங்களா?”

“டைல்ஸ் வித்தப்புறம், வீட்டுக்குப் போய் அதுமேல நடக்கறாங்களான்னு நான் பாக்கறதில்லம்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார், நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பது நேர்மை ஆகாது என்பதால். சிரித்து முடித்து, “நான் வேணா போய்ப் பாக்கட்டுமா?” என்றார். செயலாளர் எழுதிவிட்டார்: பழுது அறையின் பயன் குறித்து ஆராய்ச்சியாளர் ஆறு மாதத்தில் அறிக்கை அளிப்பார், அதுவரை அறை நீடிக்கும்.

அந்த அறையில் இருந்தவரை எல்லாரும் ‘ரேடியோ’ என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவின் வயதுதான் இருக்கும். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பிறகு டேப் ரிக்கார்டர். பிறகு கலர் டிவி. ஒவ்வொன்றும் பழுதாவதை நிறுத்திக்கொண்டு ஒரேயடியாகக் காணாமல் போயிற்று. மேசை விளக்கு, பூதக்கண்ணாடி, ஊசிகள், ஒரு சின்ன ரப்பர் ஊதுகுழல்: இவ்வளவுதான் அவர் சொத்து.

“என்னை ஆராய்ச்சி பண்ணப் போறீங்களாமே?” என்றார்.

“உங்களை இல்ல. மிஷினை.”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம். அது போனா நானும் போயிட்டேன். ரேடியோ போச்சு, டேப் போச்சு, டிவி போச்சு. காதாவது கடைசிவரைக்கும் இருக்கும்னு நினைச்சேன்.”

டாக்டரம்மா பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் இருநூறு பெயர்களை எடுத்தார். வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேருந்து பிடித்து வீடு வீடாகப் போனார். நூற்று அறுபத்து மூன்று பேரைக் கண்டுபிடித்தார். கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். காது கேளாதவர் வீட்டில் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற தன் அறிவை அவரே மெச்சிக்கொண்டு, ஜன்னலோரம் போய்க் கையை ஆட்டக் கற்றுக்கொண்டார்.

மிஷின்கள் எல்லா இடத்திலும் இருந்தன, காதைத் தவிர. பொத்தான் டப்பாவில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், பேனா நிற்கிற குவளையில். ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. “சூடு படாம வச்சுக்கணும்னு சொன்னாங்கல்ல” என்றார் மருமகள், அதை முட்டைத் தட்டிலிருந்து பயபக்தியோடு எடுத்துக் காட்டி. நூற்று அறுபத்து மூன்றில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். மற்ற நூற்று இருபத்திரண்டு மிஷின்களையும் கேட்டு வாங்கி, துணிப்பையில் போட்டு, ரேடியோவின் மேசையில் கொட்டினார்.

ரேடியோ ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்தார். மிஷினையும் காதுக்குள் பொருந்தும் அச்சையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் இணைக்கும். சில மாதங்களில் அது மஞ்சளாகி விறைத்துவிடும், அல்லது காதுக் குறும்பி போய் அடைத்துக்கொள்ளும். சத்தம் போக வழியிருக்காது. மிஷின் செத்துவிட்டது என்று உள்ளே வைத்துவிடுவார்கள்.

“மிஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம். குழாய் அடைச்சா, தண்ணித் தொட்டி செத்துப்போச்சுன்னு சொல்வமா?”

நூற்று இருபத்திரண்டில் தொண்ணூற்றேழுக்கு டியூப் மாற்றியதோ, ஊதிவிட்டதோ, பேட்டரி போட்டதோதான் வைத்தியம். ஒன்றுக்கு நாலு நிமிடம்.

கேட்டீர்களா, இதைவிடத் தெளிவான முடிவு உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்கும் கிடைத்திருக்காது. டாக்டரம்மா உட்கார்ந்து நாற்பத்தாறு பக்கம் எழுதினார். அட்டவணை, வரைபடம், பிழை வரம்பு எல்லாம் முறைப்படி. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் கை தானாகப் போய் நின்றது. இருபது வருடமாக எழுதிய எந்தக் கட்டுரையையும் அவர் வேறு மாதிரி முடித்ததில்லை. சுவர்க்கோழிக்கும் இதையேதான் எழுதினார், மூட்டைக்கும் இதையேதான், ஹாரனுக்கும் இதையேதான். “இம்முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன; எனினும், மேலும் ஆய்வு தேவை.”

கூட்டத்தில் தலைவர் அறிக்கையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வியாபாரி அவர், ரசீதில் அடியில் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

“மேலும் ஆய்வு தேவைன்னு போட்டிருக்கீங்களே.”

“அது எல்லாக் கட்டுரையிலயும் கடைசியா வர்ற வரி சார். மேல இருபத்தி மூணாம் பக்கத்துல…”

“அப்ப இன்னும் நிச்சயமாகலை.”

“நிச்சயம்தான் சார். ஆனா ஆராய்ச்சியில முழு நிச்சயம்னு எதையும் சொல்ல முடியாது.”

“அதைத்தானே நானும் சொல்றேன்? முழு நிச்சயமில்லை. சரியா?”

இங்கே சாதாரண மனிதர்கள் ஒரு சின்னப் பொய் சொல்லித் தப்பியிருப்பார்கள். டாக்டரம்மா யோசித்தார். வாஷ்பேசின் குழாயைப் பார்த்தார். “ஒரு விதத்துல, ஆமா” என்றார்.

அந்த ‘ஆமா’வில் அறை மூடப்பட்டது. ஆய்வு முடிந்து நிச்சயமாகத் தெரியும் வரை அந்த இடத்தில் பெட்டிகளை வைக்கலாம், மாத முடிவில் ரேடியோவை அனுப்பிவிடலாம் என்று தீர்மானமாயிற்று. செயலாளர் எழுதி முடித்துத் தாளை நீட்ட, எல்லா உறுப்பினர்களோடும் சேர்ந்து டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டார். கூட்டத்துக்கு வந்ததற்கான கையெழுத்துதான் அது. ஆனால் தாளைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியாது.

செய்தியைச் சொல்ல அவரே படிக்கட்டு அடிக்குப் போனார். அனுப்புவதற்கு ஆள் இருந்தும் அவரே போனார். ரேடியோ ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தாறு பக்கம் எழுதினீங்க. கடைசி வரியை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்?”

“முறையா இருந்திருக்காது.”

“இப்ப முறையா இருக்கா?”

டாக்டரம்மா மேசையிலிருந்த மஞ்சள் டியூப் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் ரேடியோ. “அடுத்தவன் வயித்துல வைக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்.” பிறகு, அப்படிச் சொன்னது அதிகமோ என்று தோன்றி, உட்காரச் சொல்லித் தன் ஸ்டூலைத் தள்ளினார். அதுதான் இன்னும் சுட்டது.

நாலு நாள் டாக்டரம்மா தீர்மானத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஐந்தாம் நாள் தம்பியின் கடையில், பவர் பார்க்கிற எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, அதை எட்டாவது முறை படித்தார்.

“என்னதான் போட்டிருக்கு அதுல?” என்றார் தம்பி, ஒரு பிரேமைத் துடைத்தபடி.

“‘மேலும் ஆய்வு தேவை என்பதைக் குழு ஒருமனதாக ஏற்கிறது.’”

“ஒருமனதாவா? உன் மனசையும் சேர்த்தா?”

டாக்டரம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் வியாபாரிக்கு அது ஒரு பூட்டு. ஆனால் இருபது வருடம் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவியே வயிறு வளர்த்தவருக்கு அதை வேறு மாதிரி படிக்கத் தெரியும். மேலும் ஆய்வு தேவை என்று ஒரு குழு ஏற்றுக்கொண்டால், ஆய்வுக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை அலுவலக வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பார். இவர்கள் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள், ஒருமனதாக வேறு.

“ஒரு தாள் குடுடா.”

“ஒண்ணு போதுமா? உனக்கு நாப்பத்தாறு வேணுமே.”

“ஒண்ணு போதும்.”

வாழ்நாளில் அவர் எழுதிய மிகச் சிறிய விண்ணப்பம் அது. குழு தேவை என்று கருதிய மேல் ஆய்வைத் தொடங்குகிறேன். இடம்: படிக்கட்டு அடி அறை. கருவிகள்: அங்கே இருப்பவை. பணியாளர்: அங்கே இருப்பவர். கால அளவு: நிச்சயமான முடிவு தெரியும் வரை. வேண்டுவது: அறைக்குள் பெட்டி வைக்காமல் இருப்பது.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். முப்பது வருடம் மாணவர்களின் சாக்குகளைப் படித்த கண்கள்.

“நிச்சயமான முடிவு எப்பத் தெரியும்?”

“சொல்ல முடியாது மேடம். ஏழு வருஷம் நான் ஒரு பூச்சியோட முழங்காலைப் பாத்துக்கிட்டிருந்தவ.”

“அது முடிஞ்சுதா?”

“மேலும் ஆய்வு தேவைன்னு எழுதிட்டு வந்தேன்.”

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முத்திரையை மையில் ஒற்றி, ஒரு முறைக்கு இரண்டு முறை குத்தினார். “பெட்டிங்களை டைல்ஸ் கடை மாடியில வைக்கலாம்” என்றார். “பாத்ரூம் நிறைய சும்மாத்தானே இருக்கு.”

தலைவருக்கும் வருத்தமில்லை. தங்கள் அறக்கட்டளையில் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு அறக்கட்டளையில் அது கிடையாது. படிக்கட்டு அடியில் ‘ஆய்வு மையம்’ என்று பலகை மாட்டச் சொன்னார். பலகை அறையைவிடக் கொஞ்சம் அகலம்.

சரி, இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் ஆய்வு என்று எழுதிக் கொடுத்தபின் ஆய்வு செய்யாமல் இருக்க டாக்டரம்மாவால் முடியாது. பெயருக்கு ஆய்வு, உள்ளே ரிப்பேர் என்று சாமர்த்தியமாக நடத்துகிற புத்தி அவருக்கு இல்லை. ராப்பகல் யோசித்து முறையான திட்டம் ஒன்று போட்டார். பதிவேட்டிலிருந்து புதிய பட்டியல் எடுத்து, அதில் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பது. முதல் குழுவுக்கு உடனே பழுது பார்ப்பது. இரண்டாவது குழுவுக்கு ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடுவது. அப்போதுதான் பழுது அறையால் என்ன பயன் என்பது ஐயமில்லாமல் தெரியும். எந்த நிர்வாகக் குழுவும், எந்தத் தலைவரும், கடைசி வரியைக் காட்டி மறுக்க முடியாது. அறைக்கு நிரந்தர உயிர்.

ரேடியோ திட்டத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அப்ப பாதிப் பேரைத் திருப்பி அனுப்பணும்.”

“ஆறு மாசத்துக்குத்தான்.”

“யாரு அனுப்பறது?”

“நான் அனுப்பறேன்.”

முதல் சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு, ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் விசில் பிடித்துப் பழகியவருக்கு உரிய நிமிர்வு. படிக்கட்டு அதை அடக்கியிருந்தது. மிஷினைக் காதிலேயே மாட்டியிருந்தார், கேட்காவிட்டாலும். டாக்டரம்மா பட்டியலைப் பார்த்தார். இரண்டாவது குழு.

“ஐயா, உங்களுக்கு இப்ப இல்லை” என்றார்.

நடத்துநர் மரியாதையாகப் புன்னகை செய்தார்.

“இப்ப இல்லை. ஆறு மாசம் கழிச்சு வரணும்.”

“கேக்கலைம்மா.”

“ஆறு மாசம்.” விரல்களைக் காட்டினார். “ஆறு.”

“ஆமாம்மா, ஆறாம் நம்பர் பஸ்ஸுலதான் வந்தேன்.”

டாக்டரம்மா குரலை உயர்த்தினார். படிக்கட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நடத்துநர் மட்டும் அதே புன்னகையோடு, இந்த அம்மாள் ஏதோ நல்ல விஷயத்தைச் சொல்கிறார் என்ற நம்பிக்கையோடு நின்றார். இந்தக் கூத்துக்கு நடுவில் ரேடியோ எழுந்து, அவர் காதிலிருந்து மிஷினை மெல்லக் கழற்றினார். பழைய டியூப்பைப் பிடுங்கினார். புதிய டியூப்பைச் சாய்வாக நறுக்கி, நூலைக் கோர்த்து, அச்சின் துளைக்குள் இழுத்தார். மிச்சத்தை வெட்டினார். ஒரு ஊது. திரும்ப மாட்டிவிட்டார். நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடமும் டாக்டரம்மா பட்டியலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

“இப்பச் சொல்லுங்கம்மா” என்றார் நடத்துநர். “என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே.”

டாக்டரம்மா பட்டியலைப் பார்த்தார். மடித்தார்.

“ஒண்ணுமில்லைங்க. நல்லா கேக்குதா?”

“நல்லா கேக்குது. நீங்க ஏன் கத்தறீங்க?”

அவர் போன பிறகு ரேடியோ, “ஒரு ஆள்தானே மேடம். அடுத்த ஆள்லேருந்து ஆரம்பிங்க” என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அடுத்து வந்தவரும் இரண்டாவது குழு. அவரிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்ல, முதலில் அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வைத்தபின் சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை. மதியத்துக்குள் இரண்டாவது குழு முதல் குழுவோடு கலந்துவிட்டது. ஒரு ஆய்வு இதைவிடச் சுத்தமாகப் பாழாக முடியாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரியில் இதைவிடச் சின்னத் தப்புக்கு ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த வருட முடிவில் நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுத்தார். அரைப் பக்கம். ஒப்பீட்டுக் குழுவை அமைக்க முடியவில்லை. ஆகவே நிச்சயமான முடிவு எதுவும் எட்டப்படவில்லை. மேலும் ஆய்வு தேவை. ஒவ்வோர் எழுத்தும் உண்மை. தலைவர் கடைசி வரியைப் படித்தார், தலையாட்டினார், செயலாளர் எழுதினார், அறை நீடித்தது. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். முப்பது வருடத்துக்கும் மேலான காலத்தில் அவருக்குக் கிடைத்த திட்டங்களிலேயே நீண்ட காலம் ஓடியது இதுதான். அவருடைய கணக்கில் மிக மோசமான ஆய்வும் இதுதான். அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை; வெளியிட என்ன இருக்கிறது.

மருத்துவக் கல்லூரி ஒப்பந்தம் முடிந்து, ஒரு வானிலை நிலையத்தில் மழைச் சத்தத்தை வைத்து மழையை அளக்கும் திட்டத்துக்குப் போனார். அதுவும் முடிந்தது. குழுவில் இருந்தவர்கள் மாறினார்கள். நீலக் குளியலறையை யாரோ வாங்கிக்கொண்டு போக, பச்சைக் குளியலறை வந்தது. சனிக்கிழமைகளில் படிக்கட்டுவரை வரிசை நின்றது. ரேடியோ ஒருவரால் சமாளிக்க முடியாத ஒரு சனிக்கிழமை, டாக்டரம்மா பட்டியலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்துக்கொண்டார். முதலில் வெட்டிய டியூப் கோணல்.

“பூச்சிக் காலைப் பிடிச்ச கைதானே?” என்றார் ரேடியோ. “இவ்வளவு நடுங்குது.”

“பூச்சி என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதே.”

பதினொரு வருடம், சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அவர் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, வந்தவர்களின் காது மிஷினில் அடைப்பை எடுத்து, டியூப் மாற்றிக் கொடுத்தார்.